வேட்டைக்காரர்கள் வெட்டிய குளம்

நவம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, அதிகாலை ஐந்தே முக்கால் மணிக்கு நானும் சிவநேசன் அண்ணையும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் நின்றோம். லண்டனுக்கு வந்து ஆறு வருடங்கள் ஆகியும், கிழக்கே போகும் ரயிலுக்காக நான் நின்றது அதுதான் முதல் தடவை. வேலை, கோயில், வழக்கறிஞர் அலுவலகம், மரக்கறிக்கடை எல்லாமே எனக்கு மேற்குப் பக்கம். தேம்ஸ் நதி கடலை நோக்கி அகன்று போகும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே கிடையாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெட்ரோல் நிலையத்தில் பின்னேர ஷிப்ட். சனிக்கிழமை விடுமுறை கிடைத்தால் மத்தியானம் வரை போர்வைக்குள் கிடப்பதுதான் என் உல்லாசப் பயணம்.

அண்ணை டகனத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே அவரோடு எட்டு வருடங்கள் பக்கத்தில் நின்று கார்களுக்குக் கதவு பொருத்திய வெள்ளைக்காரர் ரொன் என்பவர். ரொன் ஓய்வு பெற்ற பிறகும் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். அவர்தான் ஒரு நாள் சதுப்பு நிலத்துக்கு வந்து பாருங்கள் என்று அழைத்திருந்தார்.

“அண்ணை, இந்த இருட்டில வாத்து தெரியுமே?”

“விடியேக்கைதான் எழும்புமாம். வாருமன். வீட்டில படுத்திருந்து என்ன செய்யப் போறீர்?”

போய்வர டிக்கெட் இரண்டு பவுணுக்கும் குறைவு. பெட்டியில் எங்களைத் தவிர நான்கு பேர். டிக்கெட் பார்க்க வந்தவர் எங்கள் கையிலிருந்த பையில் ரப்பர் சப்பாத்துகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, “மீன் பிடிக்கவா?” என்றார். பறவை பார்க்க என்றேன். யன்னலுக்கு வெளியே இருந்த கறுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நல்லது” என்று சொல்லிப் போய்விட்டார்.

டகனம் டொக் நிலையம் கழிந்த பிறகு அண்ணை தொண்டையைச் செருமினார்.

“ஒண்டு சொல்ல மறந்திட்டன். ரொன் துவக்கு கொண்டு வருவான்.”

“துவக்கோ?”

“வாத்து சுடுறவன். லைசென்ஸ் எல்லாம் இருக்கு. உமக்கு ஏலாதெண்டால் நாங்கள் தள்ளி நிப்பம்.”

“எனக்கென்ன?” என்றேன். அவர் மறக்கவில்லை, சொல்ல நேரம் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பார்க்கிங்கிலிருந்து ரெயினம் ஐந்து மைல் சொச்சம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நிலையத்துக்கு வெளியே ஒரு பழைய வான் இயந்திரத்தை அணைக்காமல் நின்றது. ரொன் அறுபதைக் கடந்தவர். உயரம், கம்பளித் தொப்பி, குளிரில் சிவந்த பெரிய காதுகள். பின்னால் டெஸ் என்ற கறுப்பு நாய். வான் முழுக்க ஈர நாயின் வாசமும் தேநீரின் வாசமும். இரண்டு மைல் போனோம். குப்பை மேடு ஒன்று, லொறிகள் நிறுத்தும் வெளி ஒன்று, அதன் பிறகு வீதி விளக்குகள் சட்டென்று முடிந்தன. லண்டன் அந்த இடத்தில் ஒரு மேசையின் விளிம்புபோல முடிகிறது.

மணி ஆறரை. உள்ளூர்க்காரர்கள் வெறுமனே ‘மார்ஷ்’ என்று சொல்லும் அந்தச் சதுப்பு நிலம் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தமானது. யாரும் போய் நடக்கலாம். வாசலில் இருந்த இரும்புக் கொள்கலம் ஒன்றுதான் அதன் அலுவலகம். கதவின் உட்பக்கம் தொங்கிய பலகை மீது ரொன் டோர்ச் அடித்து, “வாசி” என்றார். (அவர் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம். பாதியை அண்ணை எனக்கு விளங்கப்படுத்தினார். இங்கே நான் எழுதுவது பொருளைத்தான்.)

நானும் வாசித்தேன். வாத்து சுடும் பருவம் செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்குகிறது. ஜனவரி கடைசி நாளோடு முடிகிறது. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் மட்டும் பெப்ரவரி இருபது வரை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கிறிஸ்து பிறந்த நத்தார் தினம் கிடையாது. நாய் இல்லாமல் வருபவர் சுடக்கூடாது, ஏனென்றால் விழுந்த பறவையைத் தேடி எடுக்காமல் விடுவது குற்றம். நாற்பது கஜத்துக்கு அப்பால் இருப்பதைச் சுடக்கூடாது. சிவப்புப் பூசிய கட்டைகளுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு காலே வைக்கக்கூடாது. வரும்போதும் போகும்போதும் புத்தகத்தில் பெயர் எழுதவேண்டும், எத்தனை வெடி, எத்தனை பறவை என்பதோடு. இத்தனையும் எனக்குப் புரிந்தது. பிழையாக வாசித்துவிட்டேனோ என்று நான் இரண்டாம் முறை வாசித்த வரி வேறு: பெயர் சொல்லத் தெரியாத பறவையைச் சுடாதே.

“பெயர் தெரியாவிட்டால்?” என்று கேட்டேன்.

“தெரியாவிட்டால் பார்த்துக்கொண்டு நில். பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை” என்றார் ரொன்.

புதிதாக வேட்டைக் கிளப்பில் சேருபவர் ஒரு பருவம் முழுவதும் பழையவர் ஒருவரோடுதான் வரவேண்டுமாம். பறக்கும் பறவையின் நிழல் படத்தைக் காட்டி, இது எது, சுடலாமா, கூடாதா என்று கேட்பார்களாம். ரொன் தன் தோட்டா ஒன்றை என் கையில் தந்தார். உள்ளே இரும்புக் குண்டுகள். முன்பு ஈயம். “ஈயம் சேற்றில் விழுந்து கிடக்கும். வாத்து இரையைச் செரிக்கச் சின்னக் கல் விழுங்கும். கல்லென்று நினைத்து ஈயத்தை விழுங்கி, மெல்ல மெல்லச் சாகும். நான் குறி தவறவிட்ட வாத்தையும் நான்தான் கொன்றிருக்கிறேன். முப்பது வருஷம். தெரியாது” என்றார். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது தோட்டாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஏழு மணிக்குச் சேற்று ஓடை ஒன்றின் கரையில் மூவரும் ஒதுங்கி உட்கார்ந்தோம். தண்ணீர் வற்றியிருந்தது. மேற்கே, வெகு தூரத்தில், கனேரி வார்ஃப் கோபுரத்தின் உச்சி விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கிழக்கே வெளுப்பு ஒரு கோடாக மட்டும். முதலில் வந்தது சத்தம். மனிதர் ஆச்சரியத்தில் உதட்டைக் குவித்து விடும் சீட்டிபோல, ஆனால் நூற்றுக்கணக்கில், எல்லாத் திசையிலிருந்தும். விஜன் வாத்துகள் என்று ரொன் கிசுகிசுத்தார். அவற்றின் சிறகுச் சத்தம் எங்கள் தலைக்கு மேலே, சேலை கிழிவதுபோலக் கடந்து போயிற்று. நான் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தேன்.

ரொன் எழுந்தார். ஒரு வெடி.

அதன் பிறகு எனக்குத் தெரிந்தது என் கன்னத்தில் இருந்த சேற்றின் குளிர்தான். நான் குப்புறக் கிடந்தேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தேன். வாய் திறந்திருந்தது. போர் நடந்த எங்கள் ஊரில், பதுங்கு குழிக்குள் செவிப்பறை கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆறு வருடங்களுக்குப் பிறகும் வாய் அதை மறக்கவில்லை.

“குணம்... குணம், எழும்பும். ஒண்டுமில்லை. வாத்துக்குத்தான்” என்று அண்ணை என் தோளைப் பிடித்தார். எழுந்த பிறகு கவனித்தேன், அவருடைய இரண்டு முழங்கால்களிலும் சேறு.

ரொன் எங்களைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, மிச்சமிருந்த தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். டெஸ் ஒரு வாத்தைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தது. செம்பழுப்புத் தலை, நெற்றியில் மஞ்சள் பட்டை. அவர் அதன் இறகுகளை விரலால் நேராக்கினார்.

“இன்றைக்கு இவ்வளவுதான்” என்றார்.

“எனக்காக நிறுத்தவேண்டாம்.”

“வீட்டில் நானும் மனைவியும் மட்டும். ஒன்று போதும்.” பிறகு வேறு திசையைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு எட்டு வயதில் ஜெர்மன்காரர்கள் எங்கள் தெருவில் குண்டு போட்டார்கள். நான் மேசைக்குக் கீழே. அம்மா எனக்கு மேலே. இப்போதும் மனைவி கதவை அடித்துச் சாத்தினால் எனக்குக் கோபம் வரும். அவளுக்கு ஏனென்று தெரியாது.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. எங்கள் முன்னால் கிடந்த சேறு வெறும் சேறு அல்ல என்பதை அப்போதுதான் கண்டேன். அது அசைந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பறவைகள் நின்று, நடந்து, அலகால் குத்தித் தின்றுகொண்டிருந்தன. நீண்டு வளைந்த அலகோடு, ஆந்தை இனம் அல்லாத சேற்றுக் கோட்டான்கள், சிவந்த கால்களோடு உள்ளான்கள், அரிசி கொட்டியதுபோல் சிறு பறவைகள். ஏதோ ஒன்று பயம் காட்டியிருக்கவேண்டும், சிறு பறவைகள் முழுவதும் ஒரே வீச்சில் எழும்பின. கூட்டம் திரும்பும்போது வெள்ளையாகி, மறுபடி திரும்பும்போது கறுப்பாகி, பிறகு ஆகாயத்தில் ஒன்றுமே இல்லை என்பதுபோல மறைந்து, திரும்பவும் வெள்ளையாகியது. பதினைந்து நிமிட ரயில் தூரத்தில், நான் சிகரெட்டும் பாலும் விற்றுக்கொண்டிருந்த ஆறு வருடங்களும், ஒவ்வொரு குளிர்காலக் காலையும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

கொள்கலத்துக்குத் திரும்பி ரொன் புத்தகத்தில் எழுதினார். ஒரு வெடி, ஒரு விஜன். துப்பாக்கியை உறையில் இட்டு வானுக்குள் பூட்டிவிட்டு, மண்வெட்டி ஒன்றை எடுத்தார். “இனி வேலை” என்றார்.

ஒன்பது மணிக்கு இருபது பேர் அளவில் சேர்ந்தார்கள். பாதிப்பேர் கிளப் வேட்டைக்காரர்கள், மீதிப்பேர் தொலைநோக்கிக் கண்ணாடி கழுத்தில் தொங்கும் பறவை பார்ப்பவர்கள். இரு தரப்பும் முன்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்களாம். இவர்களை ஒரே தேநீர்க் கேத்தலைச் சுற்றி நிற்க வைத்தவர் ஹெலன், கவுன்சிலின் காப்பாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், முழங்கை வரை சேறு. அவர் எங்களைச் சிவப்புக் கட்டைகளுக்கு அப்பால் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு குளம் இருந்தது. ஐந்தாறு உதைபந்தாட்டத் திடல் அளவு, முழங்கால் ஆழம், நடுவில் சிறு சிறு மண் தீவுகள். அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் வருடம் முழுவதும் ஈரமாகக் கிடந்ததாம். பிறகு ஆழமான வடிகால்கள் வெட்டி நீரை ஆற்றுக்கு ஓட்டி நிலத்தைக் காயவைத்துவிட்டார்கள். சேறு காய்ந்தது, புழு போயிற்று, புழுவைத் தின்னும் பறவையும் போயிற்று. இப்போது இவர்கள் வடிகாலை மறித்து, களிமண்ணால் இடுப்பளவு அணை கட்டி, பலகைகள் செருகிய ஒரு துருசு, அதாவது மதகு, வைத்து மழைநீரைத் தேக்கியிருந்தார்கள். கோடை முழுவதும் வெட்டியது பெரும்பாலும் வேட்டைக்காரர்கள்தான்.

நான் ரொன்னிடம் கேட்டேன்: “நீங்கள் வெட்டினீர்கள். ஆனால் இங்கே நீங்கள் சுடக்கூடாதா?”

“கூடாது. கூட்டம் போட்டுக் கையுயர்த்தித் தீர்மானித்தோம்.”

“ஏன்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அவை தூங்கும் இடம் இது. தூங்கும் இடத்தில் யாராவது சுடுவானா?”

நான் குனிந்து துருசின் பலகைகளைத் தொட்டுப் பார்த்தேன்.

நான் ஊரில் என்ன செய்தேன் என்பதை இங்கே சொல்லவேண்டும். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினொரு வருடங்கள் தொழில்நுட்ப உதவியாளனாக இருந்தேன். அணையும் துருசும் வாய்க்காலும்தான் என் சோறு. லண்டனில் வேலை தேடிய காலத்தில் படிவங்களில் அதை எழுதினேன். யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

ஆகவே, பதினொரு மணியளவில் எல்லோரும் தீவுகளில் புதர் வெட்டிக்கொண்டிருந்தபோது, என் கால்கள் என்னைக் கேட்காமலே அணையின் வெளிப்புற அடிவாரத்தில் நடந்தன. பழக்கம். துருசுக்கு இருபது அடி தள்ளி, புல்லுக்குள் நீர் கொப்பளித்தது. சின்ன ஊற்று, என் கட்டைவிரல் தடிப்பு. எல்லா மண் அணையும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிவாக இருந்தால் கவலை இல்லை. நான் கையில் ஏந்திப் பார்த்தேன். நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. உள்ளங்கையில் நொய்ந்த மண் படிந்தது.

நீர் அணையை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். ஹெலன் முன்னால் நின்றபோது எனக்கு ஆங்கிலம் வரவில்லை. “அண்ணை, சொல்லுங்கோ! கட்டு உடையப் போகுது. மண் வருகுது. ஆக்கள் கட்டுக்கு மேல நிக்கக் கூடாது!”

அண்ணை மொழிபெயர்த்தார். ஹெலன் வந்து பார்த்தார். ஊற்று அதற்குள் இரண்டு விரல் ஆகியிருந்தது.

“என்ன செய்யவேண்டும்?” என்று என்னைக் கேட்டார். அண்ணையை அல்ல, என்னை. எனக்கு எங்கிருந்தோ ஆங்கிலம் வந்தது. துருசில் இரண்டு பலகை எடுங்கள், நீர் மட்டத்தை இறக்குங்கள் என்றேன்.

அவர் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். செப்டெம்பரிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் காத்திருந்து சேர்த்த நீர் அது. இந்தக் குளிர்காலத்தில் குளத்தில் நீர் நிற்காவிட்டால் கவுன்சில் திட்டத்தைக் கைவிட்டுவிடும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். லொறி நிறுத்த நிலம் தேடுபவர்கள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“இரண்டு பலகை எடுத்தால் பாதி நீர் போய்விடும்.”

“எடுக்காவிட்டால் முழுவதும் போய்விடும். அணையோடு சேர்ந்து” என்றேன்.

பிறகு அவரே முழங்கால் நீரில் இறங்கிப் பலகையின் கொளுக்கியில் கை வைத்தார். ரொன்னும் இறங்கினார். பலகை உப்பி இறுகியிருந்தது, மூன்றாம் இழுப்பில்தான் வந்தது.

நான் மற்றவர்களை மாட்டுத் தீவனச் சாக்குகளில் களிமண் நிரப்பச் சொன்னேன். ஊற்றை அடைக்கக்கூடாது, அடைத்தால் நீர் வேறிடத்தில் உடைத்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி வட்டமாகச் சாக்கு அடுக்கி, அதற்குள்ளேயே நீரை உயர விடவேண்டும். உள்ளே இருக்கும் நீர் வெளியே வரும் நீரை அழுத்திப் பிடிக்கும். இதை நான் சேற்றில் குச்சியால் கீறிக் காட்டினேன். அண்ணை சத்தம் போட்டுச் சொன்னார். வேட்டைக்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் வரிசையாக நின்று கைமாற்றிச் சாக்கு கொடுத்தார்கள். தொப்பி கழன்று, மூக்கு ஒழுகி, யாரும் பேசாமல். ஒரு தரம் என் பின்னால் ஒருவர், “சேர், இது சரியா?” என்று கேட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்குச் சாக்கு வட்டம் தொடை உயரம் வந்தது. ஒரு மணிக்கு ஊற்று மெலிந்தது. இரண்டு மணிக்கு நான் மறுபடி கையில் ஏந்தினேன். நீருக்கடியில் உள்ளங்கை ரேகை தெரிந்தது. ஹெலனிடம் கையை நீட்டினேன். அவர் குனிந்து பார்த்து, பின் என் கையை அப்படியே தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நீர் சிந்திப் போயிற்று.

திரும்பும் ரயிலில் அண்ணை சப்பாத்துச் சேற்றைச் சுரண்டியபடி வந்தார். டகனம் டொக் தாண்டிய பிறகு, “இவ்வளவு காலமும் உம்மைப் பெட்ரோல் அடிக்க விட்டிட்டாங்கள், பாரும்” என்றார்.

அதன் பிறகு நான்கு சனிக்கிழமைகள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். கசிந்த இடத்தில் அணையைக் குறுக்கே வெட்டித் திறந்து, பழைய வடிகாலுக்குள் புதைந்து கிடந்த உடைந்த குழாய் ஒன்றைப் பிடுங்கி எறிந்து, புதிய களிமண்ணைப் படை படையாகப் போட்டு மிதித்து இறுக்கினோம். கொஞ்சம் பெரிய உடம்புக்காரர்களை மிதிக்கச் சொன்னேன். வேட்டைக் கிளப்பில் அதற்குக் குறைவில்லை. நத்தாருக்கு முன் பலகைகளைத் திரும்பப் போட்டோம். மழை பெய்தது. குளம் ஏறியது.

பிறகு வந்தது உறைபனி. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் போனபோது பத்து நாட்களுக்கு மேலாக லண்டன் உறைந்து கிடந்தது. ரொன்னின் வான் கிளம்ப மறுத்ததால், அவரும் டெஸ்ஸும் டகனம் டொக்கில் எங்கள் ரயிலிலேயே ஏறினார்கள். அவர் கையில் துப்பாக்கி இல்லை. மூன்று கால் தாங்கியில் ஒரு தொலைநோக்கி. நாய் கயிற்றில்.

ரெயினத்திலிருந்து நடந்தோம். கொள்கலத்தின் கதவில் புதிய காகிதம்: கடுங்குளிர் காரணமாகச் சுடுதல் நிறுத்தப்பட்டுள்ளது. உறைபனி இரண்டு வாரம் நீடித்தால் நாடு முழுவதும் சட்டமே தடுக்குமாம். இவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு வாரம் ஆனதுமே கிளப் தானாக நிறுத்தியிருந்தது.

“பருவம் முடிய இன்னும் மூன்று வாரம்தானே இருக்கு. கவலை இல்லையோ?” என்று அண்ணை கேட்டார்.

ரொன் தோளைக் குலுக்கினார். “இப்போது சுடுவது மிகச் சுலபம். பசியில் பறக்கத் தெம்பில்லாமல் நிற்கும். பத்துக் கஜ தூரம்வரை கிட்டப் போகலாம். அதற்குப் பெயர் வேட்டை இல்லை.”

குளத்தங்கரைக்கு நாங்கள் குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்து போனோம். ஹெலன் ஏற்கெனவே மறைப்புத் தட்டிக்குப் பின்னால் படுத்திருந்தார். கையால் சைகை காட்டினார். நான் நாணல் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

குளத்தின் பெரும்பகுதி பனிக்கட்டி. துருசின் பக்கம் மட்டும், நீர் மெல்ல ஓடிக்கொண்டிருந்த இடத்தில், கறுப்பாகத் திறந்திருந்தது. அந்தத் திறப்பிலும் அதைச் சுற்றியிருந்த பனிக்கட்டியிலும் இடைவெளி இல்லாமல் வாத்துகள். விஜன், கிளுவை, தட்டையலகு வாத்து. ஆயிரம் என்றாலும் இரண்டாயிரம் என்றாலும் நான் நம்புவேன். எண்ணுவது ஹெலனின் வேலை, அவரும் பென்சிலைக் காதில் செருகிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அலகை முதுகு இறகுக்குள் புதைத்து, ஒற்றைக் காலில், காற்றுக்கு முகம் கொடுத்து, அவ்வளவும் தூங்கின. சத்தமே இல்லை. மூச்சின் ஆவிதான் கூட்டத்தின் மேலே மெல்லிய புகையாக நின்றது. சில விஜன்கள் சைபீரியாவிலிருந்து வந்தவை என்று ஹெலன் கிசுகிசுத்தார். அவற்றின் நடுவே, நீண்ட கழுத்தும் கூரிய வாலுமாக ஏழெட்டு ஊசிவால் வாத்துகள் நின்றன. அவற்றை எனக்குத் தெரியும். மார்கழியில் மன்னார்ப் பக்கம் அளவை வேலைக்குப் போனபோது கடலோரக் களப்பில் கண்டிருக்கிறேன். அந்தப் பறவைகளின் பெயரை மட்டும் அன்று நான் யாரையும் கேட்காமல் சொன்னேன்.

அதைப் பார்த்தபடி கிடந்த அரை மணி நேரத்தில் ஒன்று மனதில் ஓடியது. நான் பதினொரு வருடங்கள் குளங்களுக்கு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பியவன். வயலுக்கு எத்தனை ஏக்கர் அடி, குடிக்க எவ்வளவு, ஆவியாகிப் போவது எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பறவைக்கென்று ஒரு கட்டம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவை எப்படியும் வந்தன, எப்படியும் போயின. துப்பாக்கிகளையும் எனக்குத் தெரியும். பல நிறச் சீருடைகளில் பார்த்திருக்கிறேன். அவற்றை வைத்திருந்த எவரும், இந்தக் கட்டைக்கு அப்பால் சுடமாட்டோம், இன்ன நாளில் சுடமாட்டோம், இன்னார் என்று தெரியாமல் சுடமாட்டோம் என்று எங்களுக்கு ஒரு பலகை எழுதி மாட்டியதில்லை. ஒரு வாத்துக்குக் கிடைத்திருக்கும் இந்தச் சட்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இப்படியும் எழுதி வைக்க மனிதருக்கு முடிகிறது என்ற வியப்புத்தான் வந்தது. அதுவும் துப்பாக்கி வைத்திருப்பவரே எழுதிக்கொண்டது.

ஹெலனை அங்கேயே விட்டு, மூன்று மணிக்குக் கிளம்பினோம். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அணை மேலால் நடந்தால் வீதிக்கு அரை மைல்தான். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். ரொன் என் கைச்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அதில் போனால் வாத்துகள் எழும்பிவிடும். ஒரு தடவை எழும்பினால் ஒரு நாள் தீனியின் சூடு போய்விடும்.”

“அதுக்கும் சட்டம் இருக்கே?” என்று அண்ணை கேட்டார்.

“இல்லை” என்றார் ரொன்.

குப்பை மேட்டின் பின்புறமாகச் சுற்றி நடந்தோம். மூன்று மைல் இருக்கும். பாதை கண்ணாடிபோல் உறைந்திருந்தது. அண்ணை இரண்டு தரம் வழுக்கி விழுந்து, இரண்டு தரமும் சத்தம் போடாமல் எழுந்தார். டெஸ்கூடக் குரைக்கவில்லை. நிலையத்தின் படியில் ஏறும்போது எங்கள் ரயிலின் பின்விளக்கு போய்க்கொண்டிருந்தது. அடுத்ததற்கு அரை மணி நேரம். மேடையின் கிழக்கு முனைக்கு நடந்துபோனால் சதுப்பின் ஒரு துண்டு தெரியும். மூவரும் அங்கே போய், கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்று, இருட்டும் வரை பார்த்தோம். ஒரு பறவையும் எழும்பவில்லை.